நடுக்குவாதத்துக்குப் புது மருந்து: டிரையலில் சேரும் முன்



இந்த மாத நலவாழ்வுப் பாடம் கொஞ்சம் நீளம். ஊக்குநர்கள் இதை ஒரே மூச்சில் படித்து முடிக்காமல் இரண்டு கூட்டங்களில் பிரித்துப் படித்துக் காட்டுங்கள். யாராவது குறுக்கே கேள்வி கேட்டால் நிறுத்திப் பேசுங்கள், தப்பில்லை.

விஷயம் ஒரு கடன் மனுவில் தொடங்கியது. எங்கள் பஞ்சாயத்துக் கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் ஒரு அக்கா 1,50,000 ரூபாய் கடன் கேட்டார். பதினாறு வருஷமாகக் குழுவில் இருக்கிறவர், ஒரு தவணைகூடத் தவறியதில்லை. எதற்கு என்று கேட்டதற்கு, "வீட்டுக்காரருக்கு வைத்தியம்" என்றார். அவர் வீட்டுக்காரர் தையல்காரர். நாலைந்து வருஷமாக வலது கை நடுங்குகிறது. ஊசியில் நூல் கோக்க முடியாமல் போனது, பிறகு கடையையே மூடிவிட்டார். பாங்கில் கையெழுத்துப் போட்டால் புள்ளி புள்ளியாகச் சின்னதாகப் போகிறது, பழைய கையெழுத்தோடு ஒத்துவரவில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். டாக்டர் 'பார்க்கின்சன்' என்று சொல்லி மாத்திரை எழுதியிருக்கிறார்.

"இப்போ புதுசா ஸ்டெம்செல் ஊசி வந்திருக்காம். மூணு ஊசி. மொத்தம் ரெண்டரை லட்சம். ஆராய்ச்சியில சேத்துக்கிறாங்களாம், இடம் கொஞ்சம்தான் இருக்காம், இந்த மாசத்துக்குள்ள பணம் கட்டணுமாம். ஒரு லட்சத்துக்கு நகையை வச்சுக்கிறேன், மீதியக் குடுங்க" என்றார். ஊசி போட்டுவிட்டால் மாத்திரையையே நிறுத்திவிடலாம் என்றும் ஏஜென்ட் சொன்னாராம். செல்போனில் ஒரு வீடியோ காட்டினார். முதலில் ஒரு பெரியவர் நாற்காலியிலிருந்து எழுந்திருக்கவே முடியாமல் தவிக்கிறார். அடுத்த காட்சியில் அதே பெரியவர் கையை வீசி நடக்கிறார்.

எல்லோருக்கும் கண் கலங்கிவிட்டது. எனக்கும்தான். கொடுத்துவிடலாம் என்றுதான் நானும் நினைத்தேன். எங்கள் பொருளாளர் மட்டும், "ஆராய்ச்சின்னா அவங்கதானே நமக்குக் குடுக்கணும்? நாம எதுக்கு அவங்களுக்குக் குடுக்கணும்?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்குப் பதில் தேடிப் போனதில் கிடைத்ததுதான் இந்தப் பாடம்.

முதலில் நோயைப் பற்றி

நம் ஊரில் நடுக்குவாதம் என்கிறோம். 1817ல் லண்டனில் ஜேம்ஸ் பார்க்கின்சன் என்ற டாக்டர் இதைப் பற்றி எழுதினார், அதனால் அவர் பெயரே நோய்க்கு வந்தது. மூளையின் நடுவே ஒரு சின்ன இடத்தில் டோபமின் என்ற பொருளைச் சுரக்கிற செல்கள் இருக்கின்றன. அவை கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துப்போகின்றன. டோபமின் குறைந்தால் உடம்பு நம் சொல்பேச்சு கேட்காது. சும்மா மடியில் வைத்திருக்கும்போது கை நடுங்கும். நடை சுருங்கும். கை கால் விறைக்கும். முகத்தில் சிரிப்பு வராது, பார்க்கிறவர்கள் கோபமாக இருக்கிறார் என்று நினைப்பார்கள். பலருக்கு இதெல்லாம் வருவதற்குப் பல வருஷம் முன்பே மணம் தெரியாமல் போயிருக்கும், மலச்சிக்கல் இருக்கும்.

நடுங்குவதெல்லாம் பார்க்கின்சன் இல்லை. டம்ளரைத் தூக்கும்போது மட்டும் நடுங்குகிற வேறொரு நோய் உண்டு. தலைசுற்றலுக்குக் கொடுக்கிற சின்னரிசின், வாந்திக்குக் கொடுக்கிற மெட்டோக்ளோபிரமைடு போன்ற மாத்திரைகளை ரொம்ப நாள் சாப்பிட்டாலும், மனநோய்க்கான சில மருந்துகளாலும் இதே மாதிரி விறைப்பும் நடுக்கமும் வரும். அது மருந்தால் வந்தது, டாக்டர் அதை மாற்றினால் பெரும்பாலும் குறையும். ஆகவே மெடிக்கல் கடையில் கேட்டு வாங்கிய மாத்திரைச் சீட்டுகளை எல்லாம் ஒரு பையில் போட்டு நரம்பு டாக்டரிடம் காட்டுங்கள்.

பார்க்கின்சனை அடியோடு குணமாக்கும் மருந்து இன்றுவரை இல்லை. லெவோடோபா என்ற மாத்திரை 1960களின் கடைசியிலிருந்து புழக்கத்தில் இருக்கிறது. உடம்புக்குள் போய் டோபமினாக மாறி வேலை செய்கிறது. அரசின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் உள்ள மருந்து இது. ஆனால் வருஷங்கள் போகப்போக ஒரு வேளை மாத்திரை வேலை செய்கிற நேரம் குறையும். மாத்திரை வேலை செய்யும் நேரத்தை டாக்டர்கள் 'ஆன்' என்பார்கள், இறங்கிய நேரத்தை 'ஆஃப்'. ஆஃப் நேரத்தில் எழுந்திருக்க முடியாத மனிதர், மாத்திரை போட்டு முக்கால் மணி, ஒரு மணி நேரத்தில் தானே நடந்து டீக்கடைக்குப் போவார்.

இப்போது அந்த வீடியோவை நினைத்துப் பாருங்கள். முதல் காட்சி ஆஃப், இரண்டாவது காட்சி ஆன். நடுவில் ஊசியே போடாமல் காலை ஏழு மணிக்கும் எட்டு மணிக்கும் எடுத்தால்கூட இப்படி ஒரு வீடியோ வரும். அந்தப் பெரியவருக்கு உண்மையில் என்ன நடந்தது என்று நமக்குத் தெரியாது. ஆனால் அந்த வீடியோ எதற்கும் சாட்சி ஆகாது.

டிரையல் என்றால் என்ன

ஒரு மருந்து வேலை செய்கிறதா, கெடுதல் செய்கிறதா என்று தெரியாதபோது, அதைத் தெரிந்துகொள்ள முறையாக மனிதர்களிடம் கொடுத்துப் பார்ப்பதுதான் கிளினிக்கல் டிரையல். 'தெரியாதபோது' என்ற வார்த்தையை அடிக்கோடு போடுங்கள். வேலை செய்யும் என்று தெரிந்திருந்தால் டிரையலே தேவையில்லை. முதல் கட்டத்தில் சிலரிடம் கொடுத்துப் பாதுகாப்பானதா என்று பார்ப்பார்கள். இரண்டாம் கட்டத்தில் அளவு, பலன். மூன்றாம் கட்டத்தில் நூற்றுக்கணக்கானவர்களிடம் கொடுத்து ஒப்பிட்டுப் பார்ப்பார்கள்.

ஒப்பிடுவதற்குச் சேர்ந்தவர்களை இரண்டு கூறாகப் பிரிப்பார்கள். நம் சீட்டுக் குலுக்கல் மாதிரிதான், டாக்டர் நினைத்தாலும் தனக்கு வேண்டியவரை ஒரு பக்கம் போட முடியாது. ஒரு கூறுக்குப் புது மருந்து. இன்னொரு கூறுக்குப் பழைய மருந்தோ, பார்க்க அதே மாதிரி இருக்கிற வெற்று மாத்திரையோ. யாருக்கு எது என்று நோயாளிக்கும் தெரியாது, பார்க்கிற டாக்டருக்கும் தெரியாது. டிரையல் முடிந்த பிறகுதான் கணக்கைத் திறப்பார்கள்.

"வெறும் மாத்திரையைக் குடுத்து ஏமாத்துறாங்களா?" என்று கூட்டத்தில் ஒரு பாட்டி கோபப்பட்டார். நியாயமான கோபம். ஆனால் வெற்று மாத்திரை வர வாய்ப்பு உண்டு என்று முதலிலேயே சொல்லித்தான் கையெழுத்து வாங்க வேண்டும். இது பார்க்கின்சனுக்கு ஏன் ரொம்ப அவசியம் என்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது. 2001ல் கனடாவில் டாக்டர்கள் மூளையைப் படம் எடுத்துப் பார்த்தார்கள். வெற்று மருந்து வாங்கிய நோயாளிகளின் மூளையிலும், நல்ல மருந்து வருகிறது என்ற எதிர்பார்ப்பிலேயே டோபமின் சுரந்திருந்தது. நம்பிக்கையே கொஞ்ச நாள் மருந்தாக வேலை செய்கிற நோய் இது. இரண்டரை லட்சம் கட்டி ஊசி போட்டுக்கொண்டவருக்கு எவ்வளவு எதிர்பார்ப்பு இருக்கும்! இரண்டு மூன்று மாதம் நன்றாக இருக்கிறது என்று அவர் மனசாரத்தான் சொல்வார். அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் ஊசியில் இருந்ததற்கு அது சாட்சி இல்லை.

செல் வைத்து வைத்தியம் செய்வதைப் பற்றியே ஒரு பெரிய பரீட்சை நடந்திருக்கிறது. அமெரிக்காவில் 40 பார்க்கின்சன் நோயாளிகள். 20 பேருக்குக் கருவிலிருந்து எடுத்த செல்களை மூளைக்குள் வைத்தார்கள். மற்ற 20 பேருக்கு மண்டையோட்டில் துளை மட்டும் போட்டு, உள்ளே எதுவும் வைக்காமல் மூடினார்கள். 2001ல் முடிவு வந்தது. ஒரு வருஷம் கழித்து நோயாளிகளே தங்களுக்குப் போட்டுக்கொண்ட மார்க்கில் இரண்டு பக்கத்துக்கும் வித்தியாசம் இல்லை. டாக்டர் பரிசோதனையில் வயது குறைந்தவர்களுக்கு மட்டும் கொஞ்சம் முன்னேற்றம். செல் வைத்தவர்களில் நூற்றுக்கு 15 பேருக்குப் பிறகு கை கால் தானாக முறுக்கிக்கொண்டு ஆடும் புதுத் தொந்தரவு வந்தது. துளை மட்டும் போட்ட அந்த 20 பேர் இல்லாவிட்டால் இது தெரிந்திருக்காது, உலகம் பூராவும் இந்த ஆபரேஷன் பரவியிருக்கும்.

அதற்காக ஸ்டெம்செல் ஆராய்ச்சியே பொய் என்று சொல்லவில்லை. 2025ல் இரண்டு சின்ன டிரையல்களின் முடிவு வெளியானது. அமெரிக்காவிலும் கனடாவிலும் சேர்ந்து 12 பேர், ஜப்பானில் 7 பேர். பெரிய கெடுதல் இல்லை என்பது தெரிந்தது, சிலருக்கு முன்னேற்றமும் இருந்தது. ஆனால் அந்தச் செல்களை மூளைக்குள் ஆபரேஷன் செய்து வைத்தார்கள். நம் அக்காவிடம் சொன்னது முதுகிலும் கையிலும் போடுகிற ஊசி. பெயர் ஒன்று, சரக்கு வேறு.

நம் நாட்டில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், அதாவது ஐ.சி.எம்.ஆர்., 2017ல் வெளியிட்ட ஸ்டெம்செல் வழிகாட்டு நெறிகள் தெளிவாக இருக்கின்றன. சில ரத்த நோய்களைப் போல ஏற்கெனவே ஒப்புக்கொள்ளப்பட்டவை தவிர, மற்ற எந்த நோய்க்கும் அனுமதி பெற்ற டிரையலுக்கு வெளியே ஸ்டெம்செல் கொடுக்கக் கூடாது. டிரையலில் கொடுத்தால் நோயாளியிடம் அதற்குப் பணம் வாங்கக் கூடாது. ஸ்டெம்செல் மட்டும் இல்லை, எந்த ஆராய்ச்சியாக இருந்தாலும் ஆராய்ச்சிக்காகச் செய்கிற பரிசோதனை, மருந்து, ஸ்கேன் எதற்கும் சேருகிறவர் செலவு செய்யக் கூடாது என்பது ஐ.சி.எம்.ஆர். நெறிமுறை. வழக்கமாகச் சாப்பிடுகிற பழைய மாத்திரைக்கு மட்டும் நீங்கள் செலவு செய்ய வேண்டியிருக்கலாம்.

பொருளாளர் கேட்டது சரிதான். பணம் கட்டச் சொன்னால் அது வியாபாரம்.

உண்மையான டிரையலை எங்கே தேடுவது

இந்தியாவில் நடக்கிற டிரையல்களை எழுதி வைக்கிற ஒரு பொதுப் பதிவேடு இருக்கிறது. பெயர் சி.டி.ஆர்.ஐ. ஐ.சி.எம்.ஆர். நடத்துகிறது. 2007 ஜூலையில் தொடங்கியது, 2009 ஜூன் முதல் மருந்து டிரையல்களை இதில் பதிவு செய்வது கட்டாயம். 2018 ஏப்ரலுக்குப் பிறகு முதல் நோயாளியைச் சேர்ப்பதற்கு முன்னாலேயே பதிந்தாக வேண்டும். நம் தீர்மானப் புத்தகம் மாதிரி யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், காசு கிடையாது. சித்தா, ஆயுர்வேதம், யோகா, உடற்பயிற்சி பற்றிய ஆய்வுகளும் அதில் உண்டு.

ஒரே சங்கடம், எல்லாம் இங்கிலீஷில் இருக்கிறது. காலேஜ் படிக்கிற பிள்ளை எந்தத் தெருவிலும் ஒன்று இருக்கும், உட்கார வைத்துப் பாருங்கள். கூகுளில் சி, டி, ஆர், ஐ என்ற நான்கு எழுத்தை அடித்தால் வரும். தேடும் கட்டத்தில் நோயின் பெயரை அடிக்க வேண்டும். எழுத்து: பி, ஏ, ஆர், கே, ஐ, என், எஸ், ஓ, என். அக்காவின் மகள் முதலில் ஒரு எழுத்தை மாற்றி அடித்துவிட்டு, "ஒண்ணுமே இல்லைக்கா" என்று போனை மூடிவிட்டாள். அதனால்தான் எழுத்துக் கூட்டி எழுதுகிறேன்.

பட்டியல் நீளமாக வரும். பயப்பட வேண்டாம், ஒவ்வொன்றிலும் நாலைந்து இடத்தை மட்டும் பார்த்தால் போதும். முதலில் ஆள் சேர்க்கிறார்களா என்பது. 'ஓபன் டு ரெக்ரூட்மென்ட்' என்று இருந்தால் சேர்க்கிறார்கள், 'குளோஸ்டு', 'கம்ப்ளீட்டட்' என்று இருந்தால் முடிந்துவிட்டது. பட்டியலில் பாதிக்கு மேல் முடிந்ததாக இருந்தால் ஆச்சரியப்படாதீர்கள். அடுத்து எந்த ஊர், எந்த ஆஸ்பத்திரி என்பது. பிறகு யாரைச் சேர்ப்பார்கள், யாரைச் சேர்க்க மாட்டார்கள் என்ற இரண்டு பட்டியல். வயது, நோய் வந்து எத்தனை வருஷம், எந்த மாத்திரை சாப்பிடுகிறார், ஞாபகமறதி உண்டா, மூளையில் கருவி பொருத்தியிருக்கிறதா என்பதெல்லாம் அதில் இருக்கும். பல டிரையல்களில் கடந்த சில வாரங்களாக மாத்திரை அளவு மாறாமல் இருந்திருக்க வேண்டும் என்பார்கள். கடைசியாக நெறிமுறைக் குழுவின் ஒப்புதல், புது மருந்தாக இருந்தால் டெல்லியில் உள்ள மருந்துக் கட்டுப்பாட்டுத் தலைமை அதிகாரியின் அனுமதி. அதே பக்கத்தில் விவரம் கேட்க ஒருவருடைய பெயரும் போன் நம்பரும் இருக்கும். அது பொதுமக்கள் கேட்பதற்காகவே கொடுத்தது, கூச்சப்படாமல் போன் போடுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பதிவேட்டில் நம்பர் இருக்கிறது என்பதற்காக அந்த மருந்து நல்லது என்று அரசு சொன்னதாக ஆகாது. பிறந்த தேதியைப் பதிவது மாதிரிதான், பிள்ளை எப்படி வளரும் என்று பதிவேடு சொல்லாது. நம்பர் காட்டிப் பணம் கேட்டாலும் பதில் ஒன்றே.

போன், நெட் எதுவும் ஒத்துவராதவர்களுக்கு நேர்வழி உண்டு. அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியின் நரம்பியல் பிரிவில் டாக்டரிடமே, "எங்களுக்கு ஏத்த ஆராய்ச்சி ஏதும் நடக்குதாங்கய்யா?" என்று கேளுங்கள். சென்னை ராஜீவ்காந்தி அரசு பொது மருத்துவமனை, மதுரை அரசு இராசாசி மருத்துவமனை போன்ற இடங்களில் நரம்பியல் பிரிவு உண்டு. வேலூர் சி.எம்.சி., பெங்களூர் நிம்ஹான்ஸ், திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரை ஆகியவை இந்த நோய்க்குப் பேர்போன இடங்கள்.

பூனைக்காலி விதையைப் பற்றி ஒரு வார்த்தை. நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கிற அந்த விதையில் லெவோடோபாவே இருக்கிறது, கதை இல்லை. அதிலிருந்து செய்த பொடியை 60 நோயாளிகளிடம் சோதித்த இந்திய ஆய்வு 1995ல் வெளியானது. அதனால்தான் எச்சரிக்கை: மாத்திரையோடு அதையும் தானாகச் சேர்த்துச் சாப்பிட்டால் இரட்டை அளவு ஆகிவிடும். சாப்பிடுகிறவர்கள் டாக்டரிடம் மறைக்க வேண்டாம், டிரையலில் சேரும்போதும் சொல்லிவிடுங்கள்.

சேர்ந்தால் வீட்டில் என்ன நடக்கும்

இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. நோயாளி ஒருவர் சேர்ந்தால் வீட்டில் ஒரு பெண்ணும் சேர்ந்த மாதிரிதான்.

பரிசோதனை நாளில் டாக்டர் விரலைத் தட்டச் சொல்வார், கையை மூடித் திறக்கச் சொல்வார், கையைக் கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து எழுந்திருக்கச் சொல்வார், பின்னாலிருந்து தோளை இழுத்துச் சமாளிக்கிறாரா என்று பார்ப்பார். ஒவ்வொன்றுக்கும் மார்க். பல டிரையல்களில் இதை ஆஃப் நிலையில் பார்க்க வேண்டும் என்பார்கள். அதாவது முந்தின ராத்திரியிலிருந்து, பன்னிரண்டு மணி நேரமாவது, மாத்திரை போடாமல் வர வேண்டும். டவுனில் ஆஸ்பத்திரி பக்கத்தில் இருப்பவருக்கு இது சுலபம். விடியற்காலை முதல் பஸ்ஸில் ஏறி, இன்னொரு பஸ் மாறி வர வேண்டிய நமக்கு? மாத்திரை இல்லாமல் விறைத்துப் போன மனிதரைப் படி ஏற்றுவது யார்? முந்தின நாளே வந்து தங்க இடம் தருவீர்களா, துணைக்கு வருகிறவருக்குப் பஸ் காசும் சாப்பாடும் உண்டா, வேலைக்குப் போகாத நாளுக்கு ஏதும் தருவீர்களா என்று சேருவதற்கு முன்பே கேட்க வேண்டும். பயணச் செலவும் கூலி இழப்பும் ஈடு செய்யலாம் என்று நெறிமுறை அனுமதிக்கிறது. எவ்வளவு என்பது ஒவ்வொரு டிரையலிலும் வேறு, தாளில் எழுதியிருக்கும்.

சில டிரையல்களில் நாள்குறிப்பு ஒன்று கொடுப்பார்கள். அரை மணிக்கு ஒரு கட்டம். நோயாளி ஆனில் இருந்தாரா, ஆஃபில் இருந்தாரா, தூங்கினாரா என்று கட்டம் கட்டமாகக் குறிக்க வேண்டும். அவருக்குக் கை நடுங்கும், ஆகவே பேனா மனைவி கைக்கோ மருமகள் கைக்கோ வரும். நூறு நாள் வேலைக்குப் போகிற பெண் இதை எப்படிச் செய்வது என்று வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து பேசிவிட்டுத்தான் ஒத்துக்கொள்ள வேண்டும்.

நோயாளியே பெண்ணாக இருந்தால் கதை வேறு. "வயசானா நடுங்கத்தான் செய்யும்" என்று சொல்லி ஆஸ்பத்திரிக்கே கூட்டிப் போவதில்லை. அப்புறம் டிரையல் எங்கே? இந்த நோய் ஆண்களுக்குத்தான் கொஞ்சம் அதிகம் வருகிறது, உண்மை. ஆனால் டிரையல்களில் சேருகிற பெண்கள் அந்தக் கணக்கைவிடவும் குறைவு. நம் உடம்பில் எந்த அளவு மருந்து ஒத்துக்கொள்ளும் என்பதை நம்மைப் பார்க்காமல் எப்படிக் கண்டுபிடிப்பார்கள்?

கையெழுத்து போடும் முன்

2009ல் அப்போதைய ஆந்திராவின் கம்மம் மாவட்டத்திலும், குஜராத்தின் வதோதராவிலும் பள்ளிப் பெண் பிள்ளைகளுக்குக் கருப்பை வாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசியை ஒரு ஆய்வுத் திட்டமாகப் போட்டார்கள். பல பிள்ளைகளுக்குத் தாய் தகப்பனைக் கேட்காமல் விடுதி வார்டன்களும் தலைமை ஆசிரியர்களும் படிவத்தில் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். 2010ல் அரசு அதை நிறுத்தியது, 2013ல் பாராளுமன்றக் குழு கடுமையாகக் கண்டித்தது. தடுப்பூசி கெட்டது என்று தயவுசெய்து எடுத்துக்கொள்ளாதீர்கள், அது நல்ல தடுப்பூசி. சம்மதம் வாங்கிய விதம்தான் கெட்டது. அதன் பிறகு சட்டம் இறுகியது. இப்போது நடைமுறையில் இருப்பது 2019 மார்ச்சில் வந்த விதிகள்.

அந்த விதிகளின்படி டிரையல் பற்றிய விவரத் தாளை நமக்குப் புரிகிற மொழியில் கொடுக்க வேண்டும். தமிழில் கேளுங்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர் என்றால், டிரையலோடு சம்பந்தமில்லாத ஒரு சாட்சி பக்கத்தில் இருந்து முழுவதையும் படித்துக் கேட்ட பிறகுதான் கைநாட்டு. அந்தச் சாட்சியாக நம் குழுவில் படித்த ஒருவர் போகலாம், இது நாம் செய்யக்கூடிய பெரிய உதவி. முற்றிலும் புது மருந்தை நலிந்த நிலையில் உள்ளவர்களிடம் சோதிக்கும்போது, விளக்கிச் சொல்வதையும் சம்மதம் சொல்வதையும் வீடியோவில் பதிவு செய்ய வேண்டும். கேமராவைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், அது நமக்குப் பாதுகாப்பு. கையெழுத்தான படிவத்தின் நகல் ஒன்று நம் கையில் இருக்க வேண்டும்.

படிவத்தில் தொழில், வருஷ வருமானம், வாரிசுதாரர் பெயர் எல்லாம் கேட்பார்கள். ரேஷன் கார்டு போய்விடுமோ என்று யாரும் நினைக்க வேண்டாம். டிரையலால் உடம்புக்கோ உயிருக்கோ சேதம் வந்தால் நஷ்டஈடு கொடுப்பதற்காகக் கேட்பது அது. சேதம் வந்தால் இலவச வைத்தியம் கொடுப்பது அவர்கள் கடமை. பெரிய பாதிப்பு வந்தால் டாக்டர் 24 மணி நேரத்துக்குள் மேலே தெரிவிக்க வேண்டும். நெறிமுறைக் குழுவில் குறைந்தது ஏழு பேர், அவர்களில் ஒரு பெண், ஒரு சட்டம் தெரிந்தவர், நம்மைப் போல ஒரு சாதாரண ஆள் கட்டாயம். பாதிப் பேராவது அந்த ஆஸ்பத்திரியைச் சேராதவர்களாக இருக்க வேண்டும். அந்தக் குழுவுக்குப் பேசுகிற விவரமும் தாளில் இருக்கும், டாக்டர் மேல் குறை இருந்தால் அங்கே சொல்லலாம்.

அன்றைக்கே கையெழுத்துப் போட வேண்டியதில்லை. வீட்டுக்குக் கொண்டு போய்ப் படியுங்கள். சேர்ந்த பிறகு பாதியில் பிடிக்கவில்லை என்றாலும் காரணம் சொல்லாமல் விலகலாம், அதற்காக வழக்கமான வைத்தியத்தை நிறுத்த முடியாது. விலகும்போது டாக்டரிடம் சொல்லிவிட்டு விலகுங்கள். பார்க்கின்சன் மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் கடும் விறைப்பும் காய்ச்சலும் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். "ஊசி போட்டா மாத்திரை வேண்டாம்" என்று ஏஜென்ட் சொன்னதுதான் எனக்கு எல்லாவற்றையும்விடப் பயமாக இருந்தது.

இன்னொரு விஷயத்தில் நம் வீடுகளில் தப்பு நடக்கும். நோயாளிக்குப் புத்தி தெளிவாக இருக்கும் வரை சம்மதம் அவருடையது. கை நடுங்குகிறது என்பதற்காக மனைவியோ மகனோ அவருக்குப் பதிலாக முடிவு செய்ய முடியாது.

கடன் மனு என்ன ஆனது

கூட்டமைப்பு அந்த மாதம் தீர்மானம் எழுதவில்லை, ஒரு மாதம் தள்ளி வைத்தது. அக்காவுக்கு வருத்தம்தான், இரண்டு வாரம் என்னோடு பேசவில்லை. ஏஜென்டிடம் பதிவு நம்பரும் நெறிமுறைக் குழு விவரமும் கேட்கச் சொன்னோம். முதலில் "அனுப்புறோம்" என்றார்கள், பிறகு போனை எடுக்கவில்லை.

அக்காவும் மகளும் பதிவேட்டைப் பார்த்து மூன்று இடத்துக்குப் போன் செய்தார்கள். ஒன்றில் ஆள் சேர்த்து முடிந்துவிட்டது. ஒன்றில் நோய் வந்து இத்தனை வருஷத்துக்குள் இருக்க வேண்டும் என்றார்கள், இவருக்கு அது தாண்டிவிட்டது. மூன்றாவது வெளி மாநிலம், மாதம் ஒரு தடவை போக வேண்டும், முடியாது என்று அவர்களே விட்டுவிட்டார்கள். ஏற்ற டிரையல் கிடைக்கவில்லை. இப்படித்தான் பெரும்பாலும் நடக்கும், முன்பே தெரிந்திருந்தால் மனம் உடையாது.

ஆனால் போன் எடுத்த ஒரு ஆராய்ச்சி உதவியாளர், மாத்திரையை எப்போது சாப்பிடுகிறார் என்று கேட்டாராம். சாப்பாட்டோடு சேர்த்துத்தான். பருப்பும் முட்டையும் பாலும் அந்த மருந்து ஏறுவதைத் தடுக்கும், டாக்டரைப் பாருங்கள் என்றாராம். மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் நேரத்தையும் அளவையும் மாற்றி எழுதினார்கள். சாப்பாட்டுக்கு அரை மணி முன்பு மாத்திரை. நடுக்கம் போகவில்லை. ஆனால் காலையில் தானே எழுந்து குளிக்கிறார். பார்க்கின்சன் 2016 மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் பட்டியலில் இருக்கிறது என்று நாங்கள் சொல்லி, அடையாள அட்டைக்கும் மனு கொடுத்திருக்கிறார்கள். குழுவில் வாங்கிய கடன் பஸ் செலவுக்கும் வேலையிழப்புக்கும் 5,000 ரூபாய், ஐந்து தவணை. நகை வீட்டில்தான் இருக்கிறது.

மகள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை பதிவேட்டைத் திறந்து பார்க்கிறாள். போன வாரம் அந்த வழியாகப் போனபோது, "மாமா, சரியான டிரையல் ஒண்ணு வந்தா சேருவீங்களா?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்தார்.

"தாளை முதல்ல தமிழ்ல குடுக்கச் சொல்லு. படிச்சுப் பாத்துட்டுச் சொல்றேன்" என்றார்.